அகமதாபாத் 2030: ஒரு நகரம் போட்டி நடத்துவது என்றால் என்ன? தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு அதில் எங்கே பங்கு?

2025 நவம்பர் 26ஆம் தேதி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கூடிய காமன்வெல்த் விளையாட்டு அமைப்பின் பொதுச்சபை, 2030ஆம் ஆண்டுப் போட்டியை அகமதாபாத்துக்குக் கொடுத்தது. நைஜீரியாவின் அபுஜாவும் கேட்டிருந்தது. அதன் பெயர் 2034க்குப் பரிசீலனையில் இருக்கிறது. செய்தி வந்ததும் நம் பக்கத்துப் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. இந்தியாவுக்கு ஒலிம்பிக்கே வந்துவிட்டதாக ஒரு பக்கம். குஜராத்தில் நடக்கும் போட்டிக்கும் பென்னாகரத்துப் பள்ளி மைதானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இன்னொரு பக்கம்.

முதலாவது தவறான தகவல். இரண்டாவது நல்ல கேள்வி. ஆனால் கேட்பவர்களே "ஒன்றுமில்லை" என்று பதிலும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். சம்பந்தம் இருக்கிறது. தொடக்க விழாவின் வாணவேடிக்கையில் அது கண்ணுக்குத் தெரியாது. ஒப்பந்தத்திலும் மானியக் கணக்கிலும் விளையாட்டுப் பட்டியலிலும் தேடினால் கிடைக்கும்.

எதைப் பல்விளையாட்டுப் போட்டி என்கிறோம்

ஒரே விளையாட்டுக்கு நடக்கும் உலகக் கோப்பை ஒரு வகை. தடகளம், நீச்சல், குத்துச்சண்டை, பளுதூக்குதல் என்று பல விளையாட்டுகள் ஒரே சமயத்தில், ஒரு நகரத்தை மையமாக வைத்து நடந்தால் அது பல்விளையாட்டுப் போட்டி. ஒலிம்பிக், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த், தெற்காசிய விளையாட்டு எல்லாம் இந்த வகை.

2022இல் மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட் பெயரில் பெரிதாக இருந்தாலும் ஒற்றை விளையாட்டுதான். ரஷ்யாவில் நடக்க வேண்டியது, உக்ரைன் போரால் இடம் மாறியது. சுமார் நான்கு மாத அவகாசத்தில் தமிழ்நாடு அதை நடத்திக் காட்டியது. மேசை, நாற்காலி, குளிரூட்டிய அரங்கு, தங்குவதற்கு அறைகள் இருந்தால் செஸ் நடந்துவிடும்; கடற்கரை ஓட்டல் வளாகத்தில் இவை ஏற்கெனவே இருந்தன. 50 மீட்டர் நீச்சல் குளத்தையும், 400 மீட்டர் ஓடுதளத்தையும், ஆயிரக்கணக்கான வீரர்கள் தங்கும் குடியிருப்பையும் நான்கு மாதத்தில் எழுப்ப முடியாது. அதனால்தான் பல்விளையாட்டுப் போட்டிக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே நகரத்தை முடிவு செய்கிறார்கள்.

காமன்வெல்த் போட்டி 1930இல் கனடாவின் ஹாமில்டன் நகரில், 'பிரிட்டிஷ் பேரரசு விளையாட்டு' என்ற பெயரில் 11 நாடுகளோடு தொடங்கியது. ஆகவே 2030 அதன் நூற்றாண்டு. காமன்வெல்த் நாடுகள் 56, போட்டி அமைப்பின் உறுப்பினர்களோ 74. இந்த இரண்டு எண்களும் செய்திகளில் மாறி மாறி வருவதால் குழப்பம் ஏற்படுகிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து தனித்தனி அணிகளாக வருகின்றன. நாடு என்ற தகுதி இல்லாத சிறு தீவுகளும் சொந்த அணி அனுப்புகின்றன. அதனால் வரும் வித்தியாசம் இது.

ஒலிம்பிக் வந்துவிட்டதா?

இல்லை. 2036 ஒலிம்பிக்கை நடத்த விருப்பம் தெரிவித்து 2024 அக்டோபர் 1 அன்று இந்தியா கடிதம் கொடுத்திருக்கிறது. 2025 ஜூலையில், சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைமையகம் இருக்கும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகருக்குச் சென்ற இந்தியக் குழு அகமதாபாத்தை முன்வைத்தது. அதற்குச் சற்று முன், 2025 ஜூனில், சர்வதேச ஒலிம்பிக் குழுவின் புதிய தலைவராகப் பொறுப்பேற்ற கிர்ஸ்டி கவன்ட்ரி, நகரங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையையே மறுபரிசீலனைக்காக நிறுத்தி வைத்தார். 2030ஐ ஒழுங்காக நடத்தினால் இந்தியாவின் கோரிக்கைக்கு வலு கூடும். அதற்கு மேல் எந்த வாக்குறுதியும் யாரும் தரவில்லை.

நாட்டுக்குக் கொடுக்காமல் நகரத்துக்கு ஏன் கொடுக்கிறார்கள்?

எருது விடும் விழா நடக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊர்களுக்கு இது எளிதாகப் புரியும். விழாவைப் பார்க்க வருவது சுற்றுவட்டாரம் முழுக்க. மனு கொடுப்பது மட்டும் ஒரே ஊர். மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி அந்த ஊர் விழாக் குழுவின் பெயரில்தான் வரும். தடுப்புக் கட்டுவது, காளைகளைக் கால்நடை மருத்துவர் பரிசோதிப்பது, ஆம்புலன்ஸ் நிறுத்துவது, அடிபட்டவருக்குப் பதில் சொல்வது எல்லாம் அந்தக் குழுவின் தலையில். ஜல்லிக்கட்டு போன்ற காளை விழாக்களுக்கான 2017ஆம் ஆண்டு விதிகள் வந்த பிறகு இது இன்னும் கண்டிப்பாகியிருக்கிறது. காகித வேலை முடிவதற்குள் கூட்டம் கூடிவிட்டால் என்ன ஆகும் என்பதை 2023 பிப்ரவரி 2 அன்று ஓசூர் அருகே கோபசந்திரத்தில் பார்த்தோம். அனுமதி தாமதமானதால் மறியல் வெடித்து, தேசிய நெடுஞ்சாலை மணிக்கணக்கில் முடங்கியது.

பன்னாட்டுப் போட்டியின் அடிப்படையும் இதுவே. பார்ப்பது உலகம், பொறுப்புக்கு ஒரு முகவரி வேண்டும். எந்த நகரத்தின் பெயரில் போட்டி நடக்கிறதோ அந்த நகரமும் அதன் பின்னால் நிற்கும் அரசுகளும்தான் அந்த முகவரி.

ஒப்பந்தமும் உத்தரவாதமும்

"போட்டியை வென்றது" என்று தலைப்புச் செய்தி சொல்லும்போது, உண்மையில் நடப்பது இந்த வரிசையில்:

1. விண்ணப்பம். நாட்டின் ஒலிம்பிக் சங்கம் கேட்கிறது. எந்த அரங்கில் எந்த விளையாட்டு, வீரர்கள் எங்கே தங்குவார்கள், போக்குவரத்து எப்படி என்ற திட்டம் இதில் இருக்கும்.

2. உத்தரவாதம். போட்டியை நடத்துபவர்களிடம் பணம் குறைந்தால் யார் ஈடுகட்டுவது, பாதுகாப்பை யார் கொடுப்பது, வெளிநாட்டு வீரர்களுக்கு விசாவை யார் தடையில்லாமல் தருவது என்று அரசுகள் எழுத்தில் ஏற்றுக்கொள்கின்றன. மொத்த விஷயத்தின் முதுகெலும்பு இதுதான்.

3. நடத்தும் நகர ஒப்பந்தம். இதில் கையெழுத்தான பிறகு பின்வாங்கினால் இழப்பீடு கொடுக்க வேண்டும்.

4. ஏற்பாட்டுக் குழு. சீட்டு விற்பது, தொண்டர்களைத் திரட்டுவது, அட்டவணை போடுவது இதன் வேலை. போட்டி முடிந்து கணக்கு ஒப்படைத்ததும் குழு கலைந்துவிடும். கட்டடமும் கடனும் கலையாது.

இந்தியாவைப் பொறுத்தவரை, 2025 ஆகஸ்ட் 27 அன்று மத்திய அமைச்சரவை இந்த விண்ணப்பத்துக்கு ஒப்புதல் தந்தது. அதே ஒப்புதலில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருந்தன. தேவையான உத்தரவாதங்களை மத்திய அமைச்சகங்கள் கொடுக்கும். விண்ணப்பம் ஏற்கப்பட்டால் குஜராத் அரசுக்கு மானியம் வழங்கப்படும். செய்திகளில் ஓரமாகப் போன இந்த வரிதான் நமக்கு மிக முக்கியமானது. மானியம் மத்திய அரசின் பொதுக் கணக்கிலிருந்து வருகிறது. பாலக்கோட்டில் ஒருவர் சோப்பு வாங்கும்போது கட்டும் ஜிஎஸ்டியிலும் அதன் துளி உண்டு. ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி கொடுத்தவர் கணக்குக் கேட்பதை யாரும் தவறு என்று சொல்லமாட்டார்கள். இங்கும் கேட்கலாம்.

உத்தரவாதம் வெறும் சடங்கு என்று நினைப்பவர்களுக்கு டர்பன் ஒரு பாடம். 2022 போட்டி முதலில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத்தான் 2015இல் கொடுக்கப்பட்டது. நிதி உத்தரவாதங்கள் ஒழுங்காக வராததால் 2017 மார்ச்சில் திரும்பப் பெறப்பட்டு, இங்கிலாந்தின் பர்மிங்காமுக்குப் போனது.

"சின்ன ஊர்களில் நடத்தினால் என்ன?"

நியாயமான ஆசை. பெருநகரத்துக்கே எல்லாம் போகிறது. பத்து ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் பத்து ஊரும் வளருமே என்று தோன்றும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் இதைத்தான் முயன்றது. 2026 போட்டியை மெல்போர்ன் பெருநகரத்தில் நடத்தாமல் ஜீலாங், பாலரட், பெண்டிகோ போன்ற உள்ளூர் நகரங்களுக்குப் பிரித்தார்கள். தருமபுரி, ஓசூர், சேலம், ஈரோடு என்று பிரித்தால் எப்படியோ, அதுபோல.

2023 ஜூலை 18 அன்று மாநில முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் கைவிரித்தார். 260 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று போட்ட மதிப்பீடு 600 முதல் 700 கோடி வரை போகும் என்றார். மெல்போர்னில் அரங்குகள் தயாராக இருந்தன. பிரித்துக் கொடுத்த ஊர்களில் அவை இல்லை. ஒவ்வோர் ஊரிலும் புதிதாகவோ தற்காலிகமாகவோ அரங்கு கட்ட வேண்டும், ஒவ்வோர் ஊரிலும் வீரர் குடியிருப்பு வேண்டும், ஒவ்வோர் ஊருக்கும் தனிப் பாதுகாப்பு வேண்டும். ஒரு கல்யாணத்தை ஒரே மண்டபத்தில் நடத்துவதற்கும் ஐந்து மண்டபத்தில் நடத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான். பின்வாங்கியதற்கு 38 கோடி டாலர் இழப்பீடு கட்டினார்கள். நடக்காத போட்டிக்காக மக்கள் பணம் மொத்தம் 58.9 கோடி டாலர் போனதாக அந்த மாநிலத்தின் தணிக்கைத் தலைவர் 2024இல் கணக்குச் சொன்னார். முதல்வர் சொன்ன 700 கோடி மிகைப்படுத்தப்பட்டது என்றும் அதே அறிக்கை குறிப்பிட்டது. கூட்டியும் குறைத்தும் சொல்லப்படும் எண்களுக்கு நடுவில் தணிக்கை அறிக்கை ஏன் வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான சாட்சி.

சிறு நகரங்களுக்குப் பொருந்துவது ஒற்றை விளையாட்டுப் போட்டி. 2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. அதன் பயனாக மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கில் உலகத் தரத்தில் ஹாக்கித் திடல் அமைந்தது. போட்டி பத்துப் பன்னிரண்டு நாள். திடல் அங்கேயே இருக்கிறது. ஓசூருக்கோ தருமபுரிக்கோ கேட்க வேண்டியது இந்த அளவு, இந்த வகை.

செலவு: ஒன்றல்ல, மூன்று கணக்கு

செய்தியில் ஒரே எண்ணாக வரும் செலவைப் பிரித்துப் பார்க்காவிட்டால் எந்த விவாதமும் வீண். ஆதரிப்பவர் ஒரு கணக்கைச் சொல்வார், எதிர்ப்பவர் வேறொரு கணக்கைச் சொல்வார். இருவர் சொல்வதும் பொய்யாக இருக்காது.

1. நடத்தும் செலவு: தொடக்க விழா, நடுவர்கள், சாப்பாடு, போக்குவரத்து, தற்காலிகக் கூரை. ஒளிபரப்பு உரிமை, விளம்பரதாரர், சீட்டு விற்பனை வழியாக இதில் ஒரு பகுதி திரும்பி வரும்.

2. கட்டடச் செலவு: அரங்குகள், குளம், வீரர் குடியிருப்பு.

3. நகரச் செலவு: மேம்பாலம், சாலை, தெருவிளக்கு, விமான நிலைய விரிவாக்கம். "எப்படியும் செய்திருக்க வேண்டிய வேலைதானே" என்பார்கள். ஓரளவு உண்மை. ஆனால் தேதி குறித்த வேலைக்கு ஒப்பந்ததாரர் விலை ஏற்றிச் சொன்னால் மறுக்க நேரம் இருக்காது.

டெல்லி 2010 இதற்கு இந்தியாவின் சொந்த எடுத்துக்காட்டு. 2003 நவம்பரில் ஜமைக்காவில் நடந்த வாக்கெடுப்பில் ஹாமில்டனை 46க்கு 22 என்று வென்று இந்தியா போட்டியைப் பெற்றது. தொடக்க மதிப்பீடு 1,200 கோடி ரூபாய். 2011 ஆகஸ்டில் வந்த இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை காட்டிய தொகை 18,532 கோடி. முதல் மதிப்பீட்டில் சேராத நகரப் பணிகள் பல இரண்டாவதில் சேர்ந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் கையில் ஏழு ஆண்டு இருந்தபோது முதல் பாதி வீணானதுதான் மூல காரணம் என்று அந்த அறிக்கையைப் படிப்பவருக்குப் புரியும். கடைசி நேரத்தில் டெண்டர் விதிகள் தளர்ந்தன. தொடக்கத்துக்கு 12 நாள் முன்பு, செப்டம்பர் 21 அன்று, முதன்மை அரங்கின் அருகே கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் இடிந்து தொழிலாளர்கள் காயமடைந்தனர். யமுனைக் கரை வீரர் குடியிருப்பைக் கட்டிய தனியார் நிறுவனம் பணத்துக்குத் திணறியபோது, டெல்லி வளர்ச்சி ஆணையம் வீடுகளை முன்கூட்டி வாங்கித் தாங்கிப் பிடித்தது. வருவாயே செலவை ஈடுகட்டிவிடும் என்று ஏற்பாட்டுக் குழு கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை.

18,532 கோடி என்பதை நம் ஊர் அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃப்ளோரைடு நீரிலிருந்து மக்களை மீட்க வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் கடனுதவியோடு 1,928 கோடி ரூபாயில் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. பற்களில் கறையும் முட்டியில் வலியுமாகத் தலைமுறைகள் காத்திருந்த திட்டம் அது. டெல்லியின் பன்னிரண்டு நாள் போட்டிக்கான செலவில் அதுபோல் ஒன்பது திட்டங்கள் அடங்கும். விளையாட்டுக்குச் செலவிடவே கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எண்ணின் எடை கைக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இன்னோர் ஒப்பீடும் அவசியம். 2025-26 மத்திய நிதிநிலை அறிக்கையில் விளையாட்டு அமைச்சகத்துக்கு நாடு முழுமைக்குமாக ஒதுக்கியது சுமார் 3,794 கோடி. அதில் கீழ்மட்ட விளையாட்டுக்கான கேலோ இந்தியா திட்டத்துக்கு 1,000 கோடி. 2030க்கான மானியம் இந்த 1,000 கோடிக்கு மேல் தனியாக வருமா, இதையே அரித்துக்கொண்டு வருமா? அடுத்த நான்கு நிதிநிலை அறிக்கைகளிலும் கண் வைக்க வேண்டிய ஒற்றை வரி இது. இதைக் கவனிக்காமல் மற்றதெல்லாம் பேசுவதில் பயனில்லை.

கொடி இறங்கிய மறுநாள்

போட்டி நடத்திய நகரங்களை லாபம், நஷ்டம் என்று பிரிப்பதைவிட, மறுநாள் அந்த அரங்குக்குள் யார் நுழைந்தார்கள் என்று பார்ப்பது தெளிவைத் தரும்.

மான்செஸ்டர் 2002இல் காமன்வெல்த் நடத்தியது. முதன்மை அரங்கைக் கட்டும்போதே, போட்டி முடிந்ததும் அது கால்பந்து அரங்காகும் என்று முடிவு செய்திருந்தார்கள். ஓடுதளத்தை அகற்றி, தரையைத் தோண்டி இறக்கி, இருக்கைகளைக் கூட்டினார்கள். 2003இல் மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணி குடியேறியது. மான்ட்ரியல் 1976இல் ஒலிம்பிக் நடத்தியது. அந்த அரங்கின் கடனைப் புகையிலை வரி போட்டு அடைத்து முடிக்க 2006 ஆயிற்று. முப்பது ஆண்டு! டெல்லியில் சுமார் 961 கோடி செலவிட்டுப் புதுப்பித்த ஜவஹர்லால் நேரு அரங்கை இடித்துவிட்டு விளையாட்டு நகரம் அமைக்கும் திட்டத்தை 2025 நவம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம் வெளியிட்டது. பதினைந்து ஆண்டில் ஓர் அரங்கின் கதை முடிகிறது.

சென்னைக்கும் இதில் ஒரு கதை உண்டு, அது நல்ல கதை. 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி அங்கே நடந்தது. வேளச்சேரி நீச்சல் வளாகம் அப்போது கட்டப்பட்டதுதான். முப்பது ஆண்டு கழித்தும் காலையில் அங்கே குழந்தைகள் குதிக்கிறார்கள். ஆடம்பரமான அரங்கு இல்லை. பேருந்தில் இறங்கி உள்ளே போகலாம் என்பதே அதன் பலம்.

அகமதாபாத்தில் நாரண்புரா விளையாட்டு வளாகம் சுமார் 825 கோடியில் 2025 செப்டம்பரில், போட்டி கைக்கு வருவதற்கு முன்பே, திறக்கப்பட்டு ஆசிய நீச்சல் போட்டிகளையும் நடத்தி முடித்துவிட்டது. இது டெல்லியைவிட நல்ல தொடக்கம். 1,32,000 பேர் அமரும் மொடேரா நரேந்திர மோடி அரங்கு கிரிக்கெட்டுக்கானது. நிரந்தர ஓடுதளம் கிடையாது. காமன்வெல்த்தின் மைய விளையாட்டே தடகளம் என்பதால், ஓடுதளம் எங்கே அமைகிறது, பிறகு அங்கே யார் ஓடப்போகிறார்கள் என்ற முடிவுதான் பெரும் செலவைத் தீர்மானிக்கும்.

பதக்கத்தைத் தீர்மானிக்கும் பட்டியல்

நடத்தும் நகரத்துக்குக் கிடைக்கும் உண்மையான அதிகாரம் எது என்று கேட்டால், எந்த விளையாட்டுகள் இருக்கும் என்பதில் அதற்குள்ள பேச்சுரிமை என்று சொல்லலாம்.

பர்மிங்காம் 2022இல் இந்தியா 61 பதக்கம் வென்றது. அதில் மல்யுத்தம் 12, டேபிள் டென்னிஸ் 7, பேட்மிண்டன் 6, ஹாக்கி 2, ஸ்குவாஷ் 2, கிரிக்கெட் 1. கூட்டினால் 30. விக்டோரியா கைவிட்ட 2026 போட்டியைக் கையில் எடுத்த கிளாஸ்கோ, இருக்கிற நான்கு இடங்களில் பத்து விளையாட்டுகளோடு நடத்தத் திட்டமிட்டபோது, இந்த ஆறும் பட்டியலிலிருந்து விழுந்தன. சென்னையின் சரத் கமல் பர்மிங்காமில் மூன்று தங்கம், ஒரு வெள்ளி வென்ற டேபிள் டென்னிஸும் அதில் போனது. யாரும் மோசமாக ஆடவில்லை. ஆடுகளமே இல்லாமல் போயிற்று.

2030க்கு 15 முதல் 17 விளையாட்டுகள் என்பது திட்டம். தடகளம், நீச்சல், டேபிள் டென்னிஸ், பௌல்ஸ் (புல்தரையில் பந்து உருட்டும் விளையாட்டு), பளுதூக்குதல், ஜிம்னாஸ்டிக்ஸ், நெட்பால், குத்துச்சண்டை ஆகியவை உறுதி செய்யப்பட்டிருக்கின்றன. மற்றவை பின்னர் முடிவாகும். புதிய அல்லது பாரம்பரிய விளையாட்டு இரண்டு வரை முன்மொழிய நடத்துபவருக்கு இடம் உண்டு. கபடி அதில் நுழைந்தால், மண் திடலில் விளக்குக் கட்டி இரவெல்லாம் கபடி ஆடும் நம் ஊர்களுக்கு நேரடிச் செய்தி அது. நுழையும்வரை அது வாய்ப்பு மட்டுமே.

பாரா விளையாட்டுகள் காமன்வெல்த்தில் தனிப் போட்டியாக நடப்பதில்லை. 2002 முதல் அதே மேடையில், அதே பதக்கப் பட்டியலில் சேர்ந்து நடக்கின்றன. தொப்பூர் கணவாயைத் தாண்டினால் வரும் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியிலிருந்து போன மாரியப்பன் தங்கவேலு, ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று பாராலிம்பிக்கில் உயரம் தாண்டியவர். அவரைப் பார்த்துப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் நம் பகுதியில் இருப்பார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியது: பாரா தடகளத்தில் எல்லாப் பிரிவுகளும் ஒவ்வொரு முறையும் இடம்பெறுவதில்லை. எந்தக் குறைபாட்டுப் பிரிவுக்கு எந்த நிகழ்ச்சி என்பது போட்டிக்குப் போட்டி மாறும்.

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் எங்கே பார்ப்பது

அரசமைப்பின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 33ஆவது பதிவில் விளையாட்டு இருக்கிறது. அதாவது அரூரில் ஒரு மைதானம் சமப்படுத்தப்படுவது அடிப்படையில் மாநிலத்தின் வேலை. மத்திய நிதி அதற்குத் துணை. தமிழ்நாட்டில் இதைப் பார்த்துக்கொள்வது விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். மாவட்டத்தில் அதன் முகம் மாவட்ட விளையாட்டு அலுவலர்.

2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டியைத் தமிழ்நாடு சென்னை, மதுரை, திருச்சி, கோவை ஆகிய நான்கு நகரங்களில் நடத்தி, 38 தங்கத்தோடு இரண்டாம் இடம் பிடித்தது. வடமேற்கு மாவட்டங்களான நாம் அந்த வரைபடத்தில் இல்லை. ஓசூர்ப் பிள்ளைகளுக்கு 40 கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறது, வசதி இருந்தால் அங்கே போய்ப் பயிற்சி எடுக்கிறார்கள். அஞ்செட்டி, தளி, ஊத்தங்கரை, பாப்பிரெட்டிப்பட்டிப் பிள்ளைகளுக்கு மாவட்டத் தலைநகர் வந்து திரும்புவதற்கே அரை நாள் போய்விடும்.

ஒரு பிள்ளையின் பாதையை வைத்துக் கணக்குப் போடுவோம்.

1. 2030இல் 19 வயதாகி இந்திய அணிக்குப் போட்டியிடப் போகும் பெண்ணுக்கு 2026இல் 15 வயது. பத்தாம் வகுப்பு. இப்போது குறுவட்டப் போட்டியில் ஓடிக்கொண்டிருக்கிறாள்.

2. குறுவட்டத்தில் வென்றால் வருவாய் மாவட்டம், பிறகு மாநிலம். சுண்ணாம்புக் கோடு போட்ட மண் தளத்தில் பழகியவள், மாநிலப் போட்டியில்தான் முதன்முதலாகச் சிந்தடிக் தளத்தில் கால் வைப்பாள் என்றால், ஆணிக் காலணியோடு வளைவில் ஓடும் பழக்கம் இல்லாமலேயே நகரத்துப் பிள்ளையோடு மோதுகிறாள். விநாடியின் பத்தில் ஒரு பங்கில் தேர்வு நழுவும் விளையாட்டில் இது சின்ன விஷயமல்ல.

3. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆண்டுகளில் உடற்கல்விப் பாடவேளை கணக்குப் பாடத்துக்குப் போவது எல்லோருக்கும் தெரிந்தது. தசை வளரும் வயதும் அதுதான். பெண் பிள்ளைகள் பயிற்சியை விடுவது பெரும்பாலும் இந்த இரண்டு ஆண்டுகளில்.

4. இதைத் தாண்டி வந்தால் விளையாட்டு விடுதி, தேசிய முகாம். அகமதாபாத் அதற்குப் பிறகுதான்.

ஆக, பெரிய போட்டியால் நமக்குப் பயன் வரும் என்றால் அது முதல் மூன்று படிகளில் வந்து சேர வேண்டும். நான்காவது படிக்குப் பணம் எப்படியும் வரும். கேமராக்கள் அங்கேதான் இருக்கின்றன.

சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம் என்பது தமிழ்நாடு அரசு அறிவித்த திட்டம். தருமபுரி மாவட்டத்தில் தொகுதிகள் 5, கிருஷ்ணகிரியில் 6. இந்தப் பதினொன்றிலும் எங்கே வேலை முடிந்திருக்கிறது, எங்கே இடம் பார்ப்பதோடு நிற்கிறது, முடிந்த இடத்தில் பயிற்றுநர் நியமிக்கப்பட்டிருக்கிறாரா, காலை ஐந்தரைக்குக் கதவு திறக்கிறதா? கிராமசபையிலும், தகவல் அறியும் உரிமை மனுவிலும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை. குறிப்பாகப் பயிற்றுநர் பற்றிய கேள்வியை விடக் கூடாது. கட்டடத்துக்குக் கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு. பயிற்றுநரின் சம்பளத்துக்கு இரண்டும் கிடையாது. முதலில் வெட்டுப்படுவதும் அதுதான்.

400 மீட்டர், எட்டுப் பாதைச் சிந்தடிக் ஓடுதளம் ஒன்றுக்குச் சுமாராக 7 முதல் 10 கோடி ரூபாய் ஆகும். நல்ல பராமரிப்பு இருந்தால் எட்டு முதல் பத்து ஆண்டு உழைக்கும். அரூரிலோ அஞ்செட்டியிலோ 2027இல் விரிக்கப்படும் தளத்தில், இன்றைய பத்தாம் வகுப்புப் பெண் மூன்று பருவம் முழுதாக ஓடிப் பழகலாம். 2036க்குத் தகுதிபெற முயலப்போகும், இன்று மூன்றாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையும் அதே தளத்தில் ஓடத் தொடங்கலாம். 2029 கடைசியில் விரித்தால் அந்தப் பெண்ணின் அணித் தேர்வு நெருங்கிவிட்டிருக்கும்.